ஜீவாவுக்கு ஒரு துணி

சாமியாராகப் போகிற என் மகனுக்கு,

இன்னும் ஒரு மாதம் போனால் உன்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட வேண்டுமாம். நம் ஊர்க் கோயில் உபதேசியார் என்னை இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறார். "டேய்னு கூப்டுக்கினு நிக்காதீங்க நர்சம்மா, பட்டம் வாங்குன கைக்கு ஊரே முத்தம் குடுக்கப் போவுது" என்கிறார். அந்தக் கையில் ஒட்டின மலத்தைக் கழுவிவிட்டவளே நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். டேய் போட அனுமதி இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். உன் குருப்பட்டத்துக்கு மலர் அச்சடிக்கிறார்களாம், அதில் தாயின் வாழ்த்து என்று அரைப் பக்கம் வேண்டுமாம். எழுத உட்கார்ந்தேன். ஆண்டவர் என் வயிற்றை ஆசீர்வதித்தார் என்று முதல் வரியை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. உன் அக்கா ஸ்டெல்லாவின் வயிறு கண்முன் வந்து நின்றுகொண்டது. அவள் உன் பட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். போன வாரம் போனில் நீ என்னிடம், "அவளுக்கு என்மேல இன்னாமா கோபம்?" என்று கேட்டாய். உனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. அதுதான் எனக்குப் பெரிய துக்கமாகப் போய்விட்டது. நாளைக்கு ஊர் சனமெல்லாம் தங்கள் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வரப்போகிறது. வீட்டுத் துக்கமே உனக்குப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அதனால் இது வாழ்த்து இல்லை. மலரில் போடுகிறவர்கள் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

போன கிறிஸ்துமஸ் கழிந்து நீ மலைக்கு வந்தபோது நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்காக வெள்ளிமலைப் பக்கம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். மருத்துவமனை பக்கமாக இருக்கிற கள்ளக்குறிச்சியில் யார் வீட்டிலாவது தங்கலாமே என்று மாப்பிள்ளை சொன்னார். நர்ஸ் பெற்ற மகள் நர்ஸ் வீட்டில் இருப்பதில் என்ன பயம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நீ இருந்த அந்த ஒரு வாரமும் மத்தியான வேளையில் நாம் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்தோம். நீ உரித்ததைவிடப் பேசியதுதான் ஜாஸ்தி. செமினரியில் நீ எழுதின ஆய்வுக் கட்டுரையை எங்களுக்குக் கதையாகச் சொன்னாய். எகிப்து நாட்டில் ஒரு மலையடிவாரத்தில் எருமண் தோண்டப் போன குடியானவர்கள் கையில் ஒரு சாடி அகப்பட்டதாம். அதற்குள் பழைய ஏடுகள். நம் வேதத்தில் சேர்க்காமல் சபை தள்ளிவைத்த ஏடுகள். ஆதிக் கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் எழுதி வைத்தது என்றாய். அவர்கள் கதைகளில் உலகத்தை மீட்க இறங்கி வருகிறவர் ஆண் மட்டுமில்லை, பெண்ணும் உண்டு என்றாய். ஸ்டெல்லா கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

ஞானம் என்கிற பெண்ணின் கதையை முதலில் சொன்னாய். மேலுலகத்தில் அவள்தான் கடைக்குட்டி. துணையை விட்டுவிட்டுத் தானே ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். பிறந்த பிள்ளை உருவம் சரியில்லாமல் பிறந்தது. மற்றவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அதை ஒளியான ஒரு மேகத்துக்குள் வைத்து மறைத்தாள். பிறகு அலைந்து அலைந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளத்தாச்சி காதுல போடற கதையாடா இது?" என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். உன் அக்காதான் தடுத்தாள். "அவன் சொல்லட்டும்மா. மேல இருக்கறவளுக்கே புள்ள சரியா பொறக்கலன்னா அப்புறம் நமக்கு இன்னா பயம்?" என்று சிரித்தாள். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

மறுநாள் நோவா கப்பல் கட்டிய கதை. ஏவாளின் மகள் நோரேயா வந்து என்னையும் ஏற்றிக்கொள் என்று கேட்டாளாம். நோவா மாட்டேன் என்றானாம். அவள் ஒரு ஊது ஊதினாள், கப்பல் எரிந்து போயிற்று. ஸ்டெல்லாவுக்கு இவளைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. "ஏறவுடாத கப்பல் இருந்தா இன்னா, எரிஞ்சா இன்னா? நல்லா செஞ்சா" என்று கையைத் தட்டினாள். அப்புறம் எனக்குப் பிடித்த கதை வந்தது. ஞானத்துக்கு ஒரு மகள், ஜீவன் என்று பேர். ஆதாம் மண்ணாகக் கிடக்கிறான், உடம்பு இருக்கிறது, உயிர் இல்லை. அவள் பார்த்து இரக்கப்பட்டு, எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். அவன் கண்ணைத் திறந்து, நீதான் எனக்கு உயிர் கொடுத்தவள் என்கிறான். "இது எங்க டிபார்ட்மெண்ட் கதைடா" என்றேன் நான். இந்த மலையில் பிறந்ததும் அழாமல் கிடந்த எத்தனை குழந்தைகளை உள்ளங்காலில் சுண்டி, முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து அழவைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கிளம்புகிறதற்கு முந்தின நாள் கடைசிக் கதை சொன்னாய். எல்லாவற்றுக்கும் முந்தினவள் ஒருத்தி. வெளிச்சத்தில் இருந்தவள், இருட்டில் அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்காக இறங்கிப் போகிறாள். முதல் தடவை பாதாளம் ஆடிப்போகிறது, திரும்பிவிடுகிறாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை சிறைச்சாலையின் நடுவுக்கே போய், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருகிறாள். இதெல்லாம் நெசமாடா என்று கேட்டேன். "சபை ஏத்துக்கலமா. நானும் விசுவாசமா ஏத்துக்கல. ஆனா ஆம்பளைங்க மட்டுமே காப்பாத்தற கதை போதாதுன்னு அந்தக் காலத்துலயே யாருக்கோ தோணியிருக்கு பாரு" என்றாய். என் மகன் நல்ல சாமியாராக வருவான் என்று அந்த இடத்தில்தான் நான் முழுதாக நம்பினேன்.

ஸ்டெல்லாவுக்கு வலி எடுத்தது மாசி மாதத்தில் ஒரு முற்பகல். குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 108 வந்தது, நன்றாகத்தான் ஓட்டினார்கள், யார்மேலும் குற்றம் இல்லை. மலை இறங்குகிற வளைவுகளில் என் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, அசையலமா, அசையலமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அங்கேயே பிரசவம் பார்த்தேன். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பெண் குழந்தை. உன் அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது. அவர் செத்தபோது நீ ஏழாவது படித்தாய், உனக்கு அந்த நெற்றி ஞாபகம் இருக்குமோ என்னவோ.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். வண்டியில் வந்த பையனும் செய்தான். அவன் முதலில் நிறுத்தினான், நான் நிறுத்தவில்லை. அப்புறம் நானும் நிறுத்தினேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஊத்துமா" என்றாள். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவளுக்கும் தெரியும், சின்ன வயதில் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். வாட்டர் பாட்டிலைத் திறந்தேன். பேர் வேண்டுமே. என்ன பேர் என்று கேட்கிற நேரமா அது? என் வாயில் வந்தது ஜீவா. ஜீவா, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே உன்னைக் கழுவுகிறேன் என்று தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, உபதேசத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். எழுந்திரு என்று சொன்னேன். மூன்று தரமோ நாலு தரமோ, எனக்குத் தெரியாது. கத்திச் சொன்னேன் என்று அந்தப் பையன் பிற்பாடு சொன்னான். நீ சொன்ன கதையில் அவள் ஒரு தரம் சொன்னாள், அவன் எழுந்தான். நான் சொன்னேன், என் பேத்தி எழவில்லை.

அதற்குமேல் நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் நீ இருந்த பக்கத்திலிருந்துதான் தெரியும். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். அங்கே வந்து சேர்ந்த மாப்பிள்ளை நம் ஊருக்குப் போன் போட்டு, கல்லறைத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டச் சொன்னார். நம் ஊரில் ஞானஸ்நானம் வாங்காத சிசுவை மதிலுக்கு வெளியே முள்வேலி ஓரமாகத்தான் புதைப்பார்கள், அது உனக்குத் தெரியும். உபதேசியார் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "நர்சம்மா, தண்ணி ஊத்தும்போது உசுரு இருந்திச்சா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இருந்தது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆயுசு பூராவும் நாடி பிடித்துப் பார்த்தவளுக்கு அந்தப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடாது என்றுவிட்டார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை உனக்குப் போன் போட்டார். அவர் போனில் ஸ்பீக்கர் தானாக ஆன் ஆகிவிடும், அந்தப் பழைய போனை மாற்றச் சொல்லி நானே பலதரம் சொன்னதுதான். "தம்பி, நீ படிச்சவன். உபதேசியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா" என்று அவர் அழுதார்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ மரியாதையாகத்தான் பேசினாய். மாமா, எறந்த பிறகு ஞானஸ்நானம் செல்லாதுங்க, அது உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் என்றாய். ஆனா கவலப்படாதீங்க, கடவுளோட எரக்கம் பெருசு, வெளிய வச்சாலும் உள்ள வச்சாலும் அவருக்கு எல்லா மண்ணும் ஒண்ணுதாங்க என்றாய். எல்லா மண்ணும் ஒன்று என்றால் உள்ளேயே வைத்தால் என்னடா என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது, கேட்கிறேன். கட்டிலில் ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பால் கட்டாமல் இருக்க அவள் மார்பைத் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தேன். "அவன் படிச்சது கரெக்டுதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நீ போட்ட எந்தப் போனையும் அவள் எடுக்கவில்லை.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் மகன் ஒரு பாடத்தையும் தப்பாகப் படிக்க மாட்டான். ஆனால் கேட்டவர் உன்னிடம் பாடமா கேட்டார்? குழந்தை எப்படி இருந்தாள் என்று நீ கேட்கவில்லை. பேர் வைத்தீர்களா என்று கேட்கவில்லை. அக்காகிட்ட குடுங்க என்று சொல்லவில்லை. அன்றைக்கே பஸ் ஏறி வரவில்லை, பரீட்சை என்றாய். கிழங்கு உரித்துக்கொண்டு சொன்னாயே, இறங்கிப் போகிறவள் என்று, அவள் மேலே வெளிச்சத்தில் நின்றுகொண்டு, எல்லா இருட்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டிருந்தால் அது கதையாகியிருக்குமா? நாளைக்கு உன் பங்குக் கோயிலைச் சேர்ந்த யார் வீட்டிலாவது இப்படி ஆகும். கட்டாயம் ஆகும், நான் பார்த்த அளவுக்குச் சொல்கிறேன். அப்போது போனில் பதில் சொல்லாதே. போய் நில். குழந்தையைக் கையில் வாங்கி முகத்தைப் பார். பார்த்த பிறகு உனக்கு எந்தச் சட்டம் ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லு. அடுத்த குழந்தை பிறக்கும் என்று மட்டும் எந்தத் தாயிடமும் சொல்லிவிடாதே, அதைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்படி ஒரு சுவர் எழும்பும் என்று நான் நினைத்ததே இல்லை. சின்ன வயதில் ஒரு அணில் குஞ்சு விழுந்து செத்ததற்கு நீங்கள் பண்ணின அமர்க்களம் ஞாபகம் வருகிறது. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, தும்பைப் பூ வைத்து, ஊர்வலமாகப் போனீர்கள். துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாமியாராக நடந்தது நீ இல்லை, ஸ்டெல்லா. நீ பின்னால் மணி ஆட்டிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாய். பொட்டப் புள்ள பூச வைக்கக் கூடாது என்று நான் அவளை அதட்டினேன். "அப்ப அணிலுக்கு யார் சொல்றது?" என்று திருப்பிக் கேட்டாள். அணில் ஞானஸ்நானம் வாங்கியதா என்று உங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஜீவாவை முள்வேலி ஓரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையும் நானும் அவளை மறுபடி மலைக்கே கொண்டு வந்தோம். என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காடு வைத்திருக்கிற பொன்னியை உனக்குத் தெரியும், நீ வரும்போதெல்லாம் பலாப்பழம் கொடுப்பாளே, அவள்தான். நான் வாசலில் துணி மூட்டையோடு நின்றதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "எங்க சாமை வெதைக்கற காட்டுல மேல மூல இருக்குது நர்சம்மா. அங்க ஏர் ஓட்டமாட்டோம். குடுங்க கொழந்தய" என்று கையை நீட்டினாள். அவளுக்கு நம் வேதம் தெரியாது. குழி வெட்டினது அவள், இறக்கினது நான். செபம் எதுவும் வாயில் வரவில்லை. மாப்பிள்ளை மண்ணைத் தள்ளினார். ஸ்டெல்லாவுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் அவள் தினமும் அந்த மூலைக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு நாள் என்னிடம், "எம்மா, அவ மேகத்துக்குள்ள இருக்கறாளா, வெளிய இருக்கறாளா?" என்று கேட்டாள்.

போன வாரப் போனில் நீ சந்தோஷமாக இன்னொன்றும் சொன்னாய். பட்டம் கொடுக்கும்போது ஆயர் உன் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார், அந்தக் கைகளை ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள், கட்டு அவிழ்த்ததும் அந்தத் துணியைப் பெற்றவளிடம் கொடுப்பது வழக்கம். பெற்றவள் சாகும்போது அதை அவள் கையில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நான் ஒரு குருவைப் பெற்றவள் என்று மோட்ச வாசலில் அவள் அதைக் காட்டலாமாம், உள்ளே விட்டுவிடுவார்களாம். உனக்காகத்தான்மா ஓரத்துல பூ வேல போடச் சொல்லியிருக்கறேன் என்றாய். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன். கூலிக்குக் கரும்பு வெட்டினவள் பெற்ற மகள் நான். எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அழுது முடித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. நான் இந்த மண்ணில் மூச்சு விட்டு, பூசை கண்டு, நற்கருணை வாங்கி, பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லி வாழ்ந்தவள். என்னை உள்ளே விட எத்தனையோ சாட்சி இருக்கிறது. என் பேத்திக்கு ஒன்றுமே இல்லை. அவளுக்கென்று ஒரு பாட்டில் தண்ணீர், அதையும் செல்லாது என்றுவிட்டீர்கள். அதனால் அந்தத் துணி என் பெட்டிக்குள் வேண்டாம். ஊர் பார்க்க உன்னிடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அப்புறம் மலைக்குக் கொண்டு போய், அந்த மூலையில் மண்ணைக் கிளறி அவள்மேல் போர்த்தப் போகிறேன். இதற்குச் சட்டம் இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நாளைக்கு அந்த வாசலில் என்னைக் கேட்டால் வெறுங்கையைக் காட்டுகிறேன். நிற்க வைத்தால் நிற்கிறேன். நின்று பழகின கால்தான்.

உனக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனமில்லை. உன் கையில் கட்டப்போகிற துணி, நீ எனக்காகப் பூ வேலை போடச் சொன்ன துணி. நீ சம்மதித்துக் கொடுத்தால்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும் என்று எனக்குப் படுகிறது. நேற்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். அவள் புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக உன் பேரைச் சொல்லி, "அருளு குடுப்பானாம்மா?" என்று கேட்டாள்.

அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. என்னிடமும் சொல்லாதே. அவளுக்குப் போன் போடு. எடுக்க மாட்டாள். மறுபடி போடு.

உன் அம்மா